மகள் ஜியாலஜி படிக்கட்டுமா? முதலில் மூன்று வெள்ளைக் கற்களைக் கொடுத்துப் பாருங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

பி.யூ.சி. (கர்நாடகத்தின் பிளஸ் டூ) முடிக்கப்போகும் மகள், பாறைகளையும் கனிமங்களையும் ஆராயும் ஜியாலஜிதான் வேண்டும் என்கிறாள், கோலார் தங்கவயலே 2001-ல் மூடிப்போச்சே, இதைப் படித்து என்ன வேலை என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். வேலை இருக்கிறது. அதற்கு முன், இந்தப் படிப்பு அவளுக்கு ஒத்துவருமா என்பதைப் பெங்களூரு வீட்டுச் சமையலறை மேசையிலேயே தெரிந்துகொள்ளலாம்.

குவார்ட்ஸ் (நாம் வெங்கச்சங்கல் என்போமே, அது), ஃபெல்ட்ஸ்பார், கால்சைட் என்ற மூன்று கனிமங்களிலும் வெள்ளைத் துண்டு ஒவ்வொன்று வாங்குங்கள். ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். பெயரைச் சொல்லாமல் எண் மட்டும் ஒட்டிக் கொடுங்கள். நிறத்தை நம்பினால் மூன்றும் ஒன்றுதான்.

முதலில் கடினத்தன்மை. கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812-ல் வகுத்த 1 முதல் 10 வரையான வரிசையில் நகம் 2.5, செம்புக் கம்பி ஏறக்குறைய 3, கண்ணாடியும் சாதாரண எஃகுக் கத்தியும் 5.5 அளவில் வரும். பழைய பாடநூல்கள் செம்புக் காசு என்று சொல்லும்; இன்று நம் பையில் இருக்கும் ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு, அது உதவாது. கண்ணாடித் துண்டைக் கையில் பிடிக்காமல் மேசையில் வைத்து, கல்லின் கூரிய முனையை அழுத்தி ஒரு செ.மீ. இழுக்கவேண்டும். பிறகு ஈர விரலால் துடைத்து, நகத்தால் தடவிப் பார்க்கவேண்டும். பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்தில்தான்: கல் மென்மையானதாக இருந்தால் அதன் பொடி கண்ணாடியில் கோடாகப் படியும், அதைக் கீறல் என்று எழுதிவிடுவார்கள். துடைத்ததும் போனால் பொடி, நகத்தில் தட்டுப்பட்டால் கீறல். சந்தேகம் இருந்தால் கத்தியால் கல்லைக் கீறிச் சரிபார்க்கலாம். குவார்ட்ஸும் (7) ஃபெல்ட்ஸ்பாரும் (6) கண்ணாடியைக் கீறும். கால்சைட் (3) கத்திக்கு உடனே இடம் கொடுக்கும்.

வெயிலும் மழையும் பட்ட மேற்பரப்பில் சோதிக்கக் கூடாது. ஃபெல்ட்ஸ்பார் சிதைந்து களிமண்ணாகும்; அந்தத் தோலில் நகம்கூட இறங்கும். புதிதாக உடைந்த பக்கமே கணக்கு. பெங்களூரு லால்பாக் தோட்டத்துப் பாறையில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், அப்ரகம் (மைக்கா) மூன்றையும் கண்ணால் பார்க்கலாம், ஆனால் அங்கே எதையும் கீறவேண்டாம். அது தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்.

குவார்ட்ஸையும் ஃபெல்ட்ஸ்பாரையும் பிரிப்பது பிளவுத்தளம், அதாவது உடையும்போது கல் தட்டையாகப் பிரியும் தளம். ஃபெல்ட்ஸ்பார் ஏறக்குறைய செங்கோணத்தில் இரண்டு தட்டைத் தளங்களாகப் பிளக்கும். கால்சைட் மூன்று திசைகளில் பிளந்து சாய்ந்த பெட்டி வடிவம் காட்டும். குவார்ட்ஸுக்குப் பிளவே இல்லை, உடைந்த பாட்டில் போல வளைந்து முறியும். குவார்ட்ஸ் படிகத்தின் வழவழப்பான முகத்தைப் பிளவு என்று எண்ணி ஏமாறுவது மிகச் சாதாரணம். பிளவு என்றால் அதே சாய்வில் படிப்படியாக மறுபடி மறுபடி தெரியும். கால்சைட்டை உறுதிசெய்ய, சுரண்டிய பொடியில் வினிகர் விட்டால் நுரைக்கும். குளியலறை ஆசிட்டைத் தொடவேண்டாம்.

எனக்கு மிகப் பிடித்த சோதனை ஒப்படர்த்தி, அதாவது அதே பருமனுள்ள தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பது. சமையலறைத் தராசில் கல்லை எடை போடுங்கள். பிறகு தண்ணீர் கிளாஸைத் தராசில் வைத்து, அளவைச் சுழியாக்கி, நூலில் கட்டிய கல்லை அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். முதல் எடை 53 கிராம், இப்போது காட்டுவது 20 என்றால் 53-ஐ 20-ஆல் வகுக்க 2.65, அது குவார்ட்ஸின் ஒப்படர்த்தி. கல்லில் ஒட்டிய காற்றுக்குமிழியைத் தட்டிவிடாவிட்டால் விடை குறைவாக வரும். பத்து கிராமுக்குக் கீழான துண்டு, முழு கிராம்களாக மட்டுமே காட்டும் தராசுக்குப் பயன்படாது.

தேய்த்தால் விழும் தூளின் நிறம் இந்த மூன்றுக்கும் உதவாது. பல்லாரி மாவட்டச் சண்டூர் பக்கத்து ஹெமடைட் (இரும்புத் தாது) கிடைத்தால் டைலின் மெருகிடாத பின்புறத்தில் தேய்க்கச் சொல்லுங்கள்: கருத்துப் பளபளத்தாலும் கோடு செம்பழுப்பாக விழும். மேக்னடைட் (இன்னொரு இரும்புத் தாது) என்றால் கறுப்பு.

நீங்கள் கவனிக்கவேண்டியது விடை சரியா என்பதை அல்ல. பெயரை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்பச் சோதனையை வளைக்கிறாளா, கண்டதை எழுதி ஒவ்வொன்றாக விலக்குகிறாளா என்று பாருங்கள். இரண்டாவது வகை என்றால் தைரியமாகச் சேருங்கள். துளையிட்டு எடுத்த பாறைத் தண்டை மணிக்கணக்கில் பார்த்துப் பதிவுசெய்யும் வேலைக்கு வேண்டிய பொறுமை அது.

பி.எஸ்ஸி. மட்டும் போதாது, எம்.எஸ்ஸி.யோடு சேர்த்து ஐந்தாண்டுக் கணக்குப் போடுங்கள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி.க்கு ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. அதன்பின் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு வழியாக இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் (ஜி.எஸ்.ஐ.) மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் போகலாம். பெண் பிள்ளை சுரங்கத்துக்குள்ளா என்ற பயத்துக்கு: 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் தடையைத் தளர்த்தி, தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில் பெண்களும் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்ய 2019-ல் அனுமதி வந்துவிட்டது. களப்பணியில் வாரக்கணக்கில் வெளியூர் தங்குவது மட்டும் நிச்சயம். அதை இப்போதே அவளிடம் பேசிவிடுங்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். கனிம மாதிரிகளை மாணவர்கள் கையில் எடுத்துச் சோதிக்க விடுகிறார்களா, கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்களா, ஆண்டுதோறும் களப்பயணம் உண்டா, இந்த ஆண்டு பாடப்பிரிவு உறுதியாக நடக்குமா என்று கேளுங்கள். ஆள் குறைந்தால் பிரிவையே நிறுத்திவிடுவதும் உண்டு. கட்டணம் கட்டும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.