வாசகர் கேள்வி–பதில்: டர்பன் – சென்னை எத்தனை மணி நேரம்?

கேள்வி: டர்பனிலிருந்து சென்னைக்கு 7,080 கிலோமீட்டர், ஒன்பது மணி நேரப் பயணம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. எங்கள் டிக்கெட்டிலோ மாலை 6.30-க்குக் கிளம்பி மறுநாள் பிற்பகல் 2 மணிக்கு இறங்குவதாக இருக்கிறது. எது சரி? – வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: இரண்டுமே சரிதான். இணையத்தில் வருவது பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். அதை மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்த வழியில் பறக்க நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாகப் போனால் முதல் கட்டம் சுமார் 6,630, அடுத்தது 2,930. ஆக 9,560 கி.மீ. வானத்தில் மட்டும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். இந்தியா, தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்கு மூன்றரை மணி முன்னால். மாலை 6.30 முதல் மறுநாள் 2 மணி வரை பத்தொன்பதரை மணி. அதில் மூன்றரையைக் கழித்தால் 16. பறப்பது பன்னிரண்டே கால் என்றால், மீதி மூன்றே முக்கால் துபாயில் காத்திருப்பது. திரும்பும்போது கழிக்காமல் கூட்ட வேண்டும்: சென்னையில் அதிகாலை 4-க்கு ஏறி டர்பனில் மாலை 4.30-க்கு இறங்கினால் பன்னிரண்டரை மணி போலத் தெரியும், அதுவும் 16 மணிதான். விலை ஒப்பிடும்போது இந்த மொத்த நேரத்தைப் பாருங்கள், கிலோமீட்டரை அல்ல.

கேள்வி: ஜோகன்னஸ்பர்க் போய் அங்கிருந்து மும்பை வழியாகப் போனால் மலிவு என்கிறார்கள். டர்பன்–ஜோகன்னஸ்பர்க் டிக்கெட்டைத் தனியாக வாங்கலாமா? – வாசகர், பீனிக்ஸ்

பதில்: தூரத்தில் லாபமில்லை. சென்னையிலிருந்து பார்த்தால் ஜோகன்னஸ்பர்க்கும் டர்பனும் ஏறக்குறைய ஒரே தூரம். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை பறக்கும் முதல் 480 கி.மீ. உங்களைச் சென்னைக்கு நெருக்கமாகக் கொண்டுபோவதே இல்லை.

தனித்தனி டிக்கெட்டில் ஆபத்து வேறு. ஜோகன்னஸ்பர்க்கில் பெட்டியை நீங்களே எடுத்து, உள்நாட்டு முனையத்திலிருந்து வெளிநாட்டு முனையத்துக்கு நடந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. புது டிக்கெட் உங்கள் செலவு. குறைந்தது நான்கு மணி இடைவெளி விடுங்கள். உள்நாட்டு விமானத்தில் எடை வரம்பு குறைவாக இருந்தால் கூடுதல் எடைக்கான கட்டணத்திலேயே மிச்சம் கரைந்துவிடும்.

ஒரே டிக்கெட்டாக வாங்கினாலும், இந்தியாவில் முதலில் இறங்கும் மும்பையில் பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மீண்டும் ஒப்படைக்க வேண்டும். திரும்பும்போது ஜோகன்னஸ்பர்க்கிலும் அப்படியே. வயதான அம்மா அப்பாவைத் தனியாக அனுப்புவதாக இருந்தால் துபாய் வழியே நல்லது. பெட்டி நேரே சென்னைக்குப் போகும். டர்பனில் ஒட்டும் சீட்டில் எம்.ஏ.ஏ. என்றிருக்கிறதா பாருங்கள், அதுதான் சென்னையின் குறியீடு.

கேள்வி: ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நெடுந்தூர விமானங்கள் ஏன் மாலையிலும் இரவிலுமே அதிகம்? – வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: காலையில் போய்ச் சேர்ந்தால் அடுத்த விமானம் பிடிக்கச் சௌகரியம் என்பது ஒன்று. இன்னொன்று உயரம். அந்த விமான நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,690 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்று மெலிவு, கோடை நண்பகலில் இன்னும் மெலிவு. இறக்கை தாங்கும் பாரமும் இயந்திரத்தின் உந்துசக்தியும் குறையும். நிறைய எரிபொருளோடு கிளம்ப வேண்டிய விமானத்துக்கு ஓடுபாதை 4.4 கி.மீ. இருந்தும் சில நேரம் சரக்கைக் குறைக்க வேண்டிவரும். வெயில் தாழ்ந்தபின் அந்தச் சிக்கல் குறைகிறது.