நாற்காலியை வாடகைக்கு விட்டீர்களா, ஆளை வேலைக்கு வைத்தீர்களா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் வாடகைக் கட்டடத்தில் பதினோரு வருடமாக அழகு நிலையம் நடத்துகிறேன். நான்கு நாற்காலிகள். ஒன்றில் நான், மற்ற மூன்றில் சொந்தமாகத் தொழில் செய்யும் மூன்று பேர். ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய் நாற்காலி வாடகை, 40,000 அட்வான்ஸ். எல்லா வசூலும் என் ஜிபே-க்கு வரும். வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியை சனிக்கிழமைதோறும் கொடுத்துவிடுவேன். மாதம் மொத்தம் இரண்டு லட்சம் வரை புரளும். மூவரில் ஒரு பிள்ளைக்கு சீப்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அவள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தேன். மூன்று வருடம் இருந்துவிட்டு, வாடகை அதிகம் என்று சொல்லி என் வாடிக்கையாளர்களின் நம்பர்களோடு போய்விட்டாள். ஒரு மாத பாக்கி இருப்பதால் அட்வான்ஸையும் அவளுடைய டிரையர், மேக்கப் பெட்டியையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். இப்போது 'நான் சம்பளத்துக்கு வேலை பார்த்தவள்' என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறாள். மற்ற இரண்டு பேருக்காவது நியாயமான வாடகையும், வெளியே போனால் இரண்டு வருடத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் கடை போடக்கூடாது என்ற நிபந்தனையும் எழுதித் தாருங்கள்.

பதில்: சகோதரி, புடவையும் சீப்பும் எந்த நீதிமன்றத்திலும் செல்லாது. உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பிள்ளை உங்கள் கடையில் தன் தொழிலைச் செய்தாளா, உங்கள் தொழிலைச் செய்தாளா?

தன் தொழிலைச் செய்தாள் என்றால் அந்த வாடிக்கையாளர்கள் அவளுடையவர்கள், நம்பர்களை எடுத்துப் போனதில் தப்பே இல்லை. வாடிக்கையாளர்கள் உங்களுடையவர்கள் என்றால் அவள் உங்களிடம் வேலை பார்த்தவள், அவள் நோட்டீஸில் நியாயம் இருக்கிறது. நீங்கள் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறீர்கள். அது கிடைக்காது.

நீங்கள் இணைத்திருந்த பழைய ஒப்பந்தத்தைப் படித்தேன். காலை ஒன்பதரை முதல் இரவு எட்டு வரை இருக்க வேண்டும், புதன்கிழமை லீவு, மெரூன் கோட் போட வேண்டும், சுவரில் ஒட்டியிருக்கும் விலைப்பட்டியலைத் தாண்டி வாங்கக்கூடாது என்கிறது. பணம் உங்கள் கணக்கில் விழுந்து, நீங்கள் பிரித்துக் கொடுக்கிறீர்கள். தலைப்பில் 'வாடகை' என்று போட்டிருந்தாலும் சனிக்கிழமை நீங்கள் கொடுத்ததைச் சம்பளம் என்று சொல்ல எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பத்து நிமிடம் போதும்.

இதில் சட்டம் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆந்திரத்துத் தையல் கடை வழக்கு ஒன்றில் 1973-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அங்கே தையற்காரர்களுக்கு உருப்படிக் கணக்கில்தான் கூலி. வராத நாளுக்கு லீவு கேட்க வேண்டியதில்லை, வேறு கடைக்கும் தைக்கலாம். அப்படியிருந்தும் அவர்கள் கடையின் ஊழியர்கள்தான் என்றது நீதிமன்றம். இடமும் மெஷினும் முதலாளியுடையவை, தையல் சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் அதிகாரமும் அவரிடம் இருந்தது. அந்தத் தையற்காரர்களுக்கு இருந்த சுதந்திரத்தில் பாதிகூட உங்கள் மூவருக்கும் இல்லை.

இரணியல் பக்கம் என் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் சிக்கினார். ஆண்கள் சலூன், நாற்காலி வாடகை, முத்திரைத்தாளில் ஒப்பந்தம், எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் கல்லாவுக்குள் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று தேதி போட்டு அவரே எழுதியது. சில வரிகளுக்கு எதிரே சிவப்பு மையில் '9.50 – லேட் – 50 பிடித்தம்'. வாடகைக்கு இருப்பவன் லேட்டாக வந்தால் உங்களுக்கென்ன, ஏன் 50 ரூபாய் பிடித்தீர்கள் என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. ஒப்பந்தத்தை யாரும் புரட்டவே இல்லை, அந்த நோட்டே போதுமாயிருந்தது. உங்களிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா, 'ஏன் லேட்' என்று கேட்ட வாட்ஸ்அப் செய்திகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எதையும் அழிக்காதீர்கள், அவள் போனிலும் அவை இருக்கும்.

ஊழியர் என்று ஆகிவிட்டால், ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நிறுத்தக்கூடாது என்கிறது 1947-ம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அவளாகப் போனாள் என்கிறீர்கள் நீங்கள், நிறுத்தினார்கள் என்கிறது நோட்டீஸ். அதை நிரூபிக்க எத்தனை வருடம் நடக்கப் போகிறீர்கள்? அப்புறம் ஜிஎஸ்டி. மாதம் இரண்டு லட்சம் என்றால் வருடத்துக்கு 24 லட்சம் உங்கள் ஒருவர் கணக்கில் தெரிகிறது. சேவைத் தொழிலுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். அதில் பெரும்பகுதி உங்கள் பணமே இல்லை. மற்றவர்களின் வரவைச் சுமந்து நீங்கள் வரி வலையில் நிற்கிறீர்கள்.

அதனால் இந்த நோட்டீஸுக்குச் சண்டை வேண்டாம், சமாதானமாகப் போங்கள். 40,000-ஐ முழுதாக, ஒரு மாத பாக்கி 15,000-ஐக் கழிக்காமல், வங்கி வழியாகக் கொடுத்துவிடுங்கள். டிரையரையும் பெட்டியையும் பட்டியல் போட்டு ஒப்படைத்து, இனி ஒருவர் மீது ஒருவருக்குக் கோரிக்கை இல்லை என்று இரண்டு பேரும், இரண்டு வக்கீல்களும் கையெழுத்திடுங்கள். அடுத்தவர் பொருளைப் பிடித்து வைத்திருப்பது நாளை காவல் நிலையத்தில் புகாராக மாறும். 15,000 போகிறதே என்று வயிறு எரியும். எரியட்டும், அதோடு முடிந்துவிடும்.

ஐந்து கிலோமீட்டர் நிபந்தனையை நான் எழுதித் தர மாட்டேன். ஒப்பந்தச் சட்டத்தின் 27-ம் பிரிவின்படி, போன பிறகு தொழில் செய்யக்கூடாது என்ற நிபந்தனை செல்லாது. அதோடு, சொந்தத் தொழில் செய்பவருக்கு யாரும் அப்படி எழுத மாட்டார்கள் என்று அதையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்.

இனி வாடகை. எவ்வளவு நியாயம் என்று சட்டம் கேட்காது, இருவரும் ஒத்துக்கொண்டால் போதும். ஆனால் சண்டை இங்கேதான் முளைக்கிறது என்பதால் சொல்கிறேன். கட்டட வாடகை 22,000; கரண்ட், தண்ணீர், துண்டு துவைக்க, பெருக்க 14,000 என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் 36,000, நாற்காலிக்கு 9,000. நீங்கள் மூன்று பேரிடம் வாங்குவது 45,000. உங்கள் நாற்காலி இலவசமாகி, மேலே 9,000 மிஞ்சுகிறது. ஏசி, கண்ணாடி, நாற்காலி எல்லாம் உங்கள் முதலீடு, அதற்கு ஆதாயம் வேண்டும்தான். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, தவக்காலத்தில் தேவாலயக் கல்யாணங்கள் நின்றுவிடும். மணப்பெண் அலங்காரத்தை நம்பியிருப்பவளிடம் அந்த மாதங்களிலும் 15,000 கேட்டால் அவள் வேறு இடம் தேடத்தான் செய்வாள். அந்த மாதங்களுக்கு 7,000, மற்ற மாதங்களுக்கு 12,000 என்று முன்கூட்டியே எழுதுங்கள். சராசரி சுமார் பத்தரை ஆயிரம் வரும். சதவீதக் கணக்கு வேண்டாம். அது வந்தால் அவர்கள் வரவை நீங்கள் எண்ண வேண்டிவரும், மறுபடியும் முதலாளி ஆகிவிடுவீர்கள்.

அவரவருக்குத் தனி கியூஆர் அட்டை, தனி விலை, தனி ரசீது. கோட் வேண்டாம். நேரம் என்றால் கடை திறந்திருக்கும் நேரம் மட்டும். சீப்பு, கத்தரி, கிரீம் எல்லாம் அவரவர் வாங்கட்டும். தாளில் எழுதினால் மட்டும் போதாது, அப்படியே நடக்கவும் வேண்டும்.

அதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். ஓர் அறையைத் தடுத்துச் சாவியைக் கொடுத்துவிட்டால் அவர் அந்த இடத்துக்கே வாடகைதாரர் ஆகிவிடுவார். டெல்லி இம்பீரியல் ஓட்டலில் முடிதிருத்தும் தொழில் செய்த ஒருவரிடம் ஓட்டல்காரர்கள் 'உரிமம்', அதாவது இடத்தைப் பயன்படுத்த அனுமதி மட்டும், என்றுதான் எழுதி வாங்கியிருந்தார்கள். இடம் முழுக்க அவர் கைவசம் இருந்ததைப் பார்த்து, இது குத்தகைதான் என்றது உச்ச நீதிமன்றம், 1959-ல். அதனால் சாவி உங்களிடம் இருக்கட்டும், நாற்காலி எது என்பதும் மாறக்கூடியதாக இருக்கட்டும். 'வாடகை' என்பதற்குப் பதில் 'பயன்பாட்டுக் கட்டணம்' என்று எழுதுங்கள். இரு பக்கமும் ஒரு மாத முன்னறிவிப்பு, அட்வான்ஸ் ஒரு மாதக் கட்டணத்துக்கு மேல் வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நீங்களே வாடகைக்கு இருப்பவர். கட்டட உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது என்கிறது 2019 முதல் நகர்ப்பகுதிகளில் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். உங்களைக் காலி செய்யச் சொல்ல அதுவே போதும். 'நாற்காலி வாடகை' என்று தலைப்பிட்ட மூன்று தாள்களை நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள், அதில் ஒன்று இப்போது வெளியே போய்விட்டது. முதலில் உரிமையாளரைப் பார்த்து, உங்கள் நாற்காலிகளில் மற்றவர்களும் தொழில் செய்வதற்குச் சம்மதம் என்று ஒரு கடிதம் வாங்குங்கள். அது கைக்கு வரும் வரை புது ஒப்பந்தத்தில் யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம்.