சின்னக் கடல் தொட்டியில் அனிமோனும் கோமாளி மீனும்: வடசென்னைக் கேள்விகளுக்குப் பதில்

கொளத்தூர்: அண்ணே, 40 லிட்டர் தொட்டி, ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு ஜோடி கோமாளி மீன் இருக்கு. அனிமோன் (கோமாளி மீன் ஒட்டி வாழற, பூ மாதிரி விரியற கடல் பிராணி) விடலாமா?

வேண்டாம் தம்பி. அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம் ஆனா மீனுக்குப் போதும், அனிமோனுக்குப் போதாது. ஆறு மாசமாவது போகணும். உப்பு, சூடு, ஆல்கலினிட்டி (தண்ணியோட காரத்தன்மை அளவு) மூணும் ஏறி இறங்காம நிக்கணும். 40 லிட்டர்ல அது கஷ்டம். 75 லிட்டருக்குக் கீழே நான் சொல்லவே மாட்டேன். தொட்டியிலேயே பொரிஞ்சு வளர்ந்த கோமாளி மீன் அனிமோன் இல்லாமலே நல்லா வாழும்.

ராயபுரம்: காசிமேட்டுல கடல் தண்ணி பிடிச்சா உப்புக் காசு மிச்சம்தானே சார்?

துறைமுகத் தண்ணியில டீசலும் கழிவும் கலந்திருக்கும், மழைக்காலத்துல உப்பும் இறங்கும். கடல் தொட்டி உப்பையே வாங்குங்க. லிட்டருக்குச் சுமார் 38 கிராம் போட்டு, ஒரு நாள் பம்ப் ஓடவிட்டு, ரிஃப்ராக்டோமீட்டர்ல (உப்பு அளக்கிற கருவி) ஒப்படர்த்தி 1.025–1.026 வருதான்னு பாருங்க. உப்பு கலக்க கேன் தண்ணி ஆகாது. வீட்டு ஆர்.ஓ. தண்ணியும் அப்படியே ஆகாது, டி.ஐ. ரெசின் (மிச்ச உப்பையும் பிடிக்கிற வடிகட்டி) வழியா விட்டு டி.டி.எஸ்ஸை, அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கிற பொருளோட அளவை, பூஜ்யத்துக்குக் கொண்டுவாங்க. இல்லன்னா கண்ணாடியெல்லாம் பாசிதான்.

தண்டையார்பேட்டை: மே மாசம் தண்ணி 32 டிகிரி. ஃபேன் போதுமா?

போதாது. தண்ணி ஆவியாகிறதாலதான் ஃபேன் குளுமை தருது. நம்ம கடலோர ஈரக்காத்துல ரெண்டு, மூணு டிகிரி குறைஞ்சாலே பெரிசு. அனிமோனுக்கு 25–27 வேணும். சூடு நீடிச்சா உடம்புக்குள்ள இருக்கிற பாசியைத் தள்ளிட்டு வெளுத்துடும். சில்லர் (தண்ணியைக் குளிர வைக்கிற கருவி) வைங்க, இல்லன்னா ஏசி ரூம். ஃபேன் ஓடினா 40 லிட்டர்ல 2 லிட்டர் ஆவியானாலே உப்பு 35-லிருந்து 37 பி.பி.டி. (ஆயிரத்துல எத்தனை பங்கு உப்புங்கிற அளவு) பக்கம் போயிடும். உப்பு ஆவியாகாது, அதனால தினமும் நல்ல தண்ணிதான் நிரப்பணும், உப்புத் தண்ணி இல்ல. கரண்ட் போனா பேட்டரி ஏர் பம்ப் தயாரா இருக்கட்டும்.

திருவொற்றியூர்: அனிமோன் சுருங்கிக் கிடக்கு. செத்துடுச்சான்னு எப்படித் தெரியும்?

கழிவைத் தள்ள அடிக்கடி சுருங்கும்க்கா, சில மணி நேரத்துல விரியும். நடுவுல இருக்கிற வாயைப் பாருங்க. இறுக்கமா மூடியிருந்தா பயமில்ல. வாய் பிளந்து, உள்ளே இருக்கிறது வெளியே தள்ளி, பாதம் பிடி விட்டு உருண்டு, தொட்டா நூல் நூலா கரைஞ்சா, அழுகல் நாத்தம் அடிச்சா, உடனே வெளியே எடுங்க. ஒரு ராத்திரி விட்டாலே அம்மோனியா ஏறி மீனும் போயிடும். வெளுத்திருந்தும் கையில ஒட்டினா பிழைக்க வழியிருக்கு: வாரம் ரெண்டு தடவை 5 மில்லிமீட்டர் இறால் துண்டு கொடுங்க. அனிமோன் நகரும், அதனால பம்ப் வாயில ஸ்பாஞ்ச் கட்டாயம்.

வியாசர்பாடி: மீன்ல வெள்ளைப் புள்ளி. காப்பர் மருந்து ஊத்தலாமா?

அனிமோன் இருக்கிற தொட்டியில கூடவே கூடாது, அதைக் கொன்னுடும். மீனைத் தனித் தொட்டிக்கு மாத்தி மருந்து கொடுங்க.

பெரம்பூர்: கடையில பளிச்னு மஞ்சள் அனிமோன். வாங்கலாமா?

பெரும்பாலும் சாயம் ஏத்தினது, விட்டுடுங்க. கார்ப்பெட் அனிமோன் அரை மீட்டர் தாண்டும், மீனையும் பிடிச்சுத் தின்னும். பழுப்போ பச்சையோ உள்ள பபிள் டிப் அனிமோன் வகையைத் தேடுங்க. கூடவே பவளப்பாறைத் துண்டு தந்தா வேண்டாம்னு சொல்லுங்க. பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு.