‘ஒரு சைஸ் ஏத்திக்கலாம் சார்!’ – டயர் கேள்வி-பதில்

கம்பெனி டிஸ்க் (டயர் மாட்டும் உலோகச் சக்கரம்) அப்படியே இருக்க, டயரை மட்டும் அகலமாக்க ஆசைப்படுகிறவர்களின் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

என்னிடம் இருப்பது 2014 டொயோட்டா 86. கம்பெனி அலாய் 17×7, டயர் 215/45 ஆர்17. மழையில் பின்பக்கம் வாலாட்டுகிறது. டிஸ்க்கை மாற்றாமலே 245/40 போடலாம், வெளிவிட்டம் ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறார் கடைக்காரர். போடட்டுமா? – ஜொகூர் பாரு வாசகர்

வேண்டாம்.

முதலில் எண்கள்: 215/45 ஆர்17 என்றால் டயரின் அகலம் 215 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம், டிஸ்க்கின் விட்டம் 17 இன்ச். 17×7-இல் இருக்கும் 7, டிஸ்க்கின் அகலம். விட்டத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. உங்கள் டயர் சுமார் 625 மி.மீ., 245/40 சுமார் 628. ஸ்பீடோமீட்டருக்குத் தெரியக்கூடத் தெரியாது. கணக்கை அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டாரே, அதுதான் என் வயிற்றெரிச்சல். ‘ஒரு சைஸ் ஏத்திக்கலாம் சார்’ என்று வாய் நிறையச் சொல்லும் கடைகளில், டிஸ்க்கைத் திருப்பி அதன் அகலத்தைப் படித்துப் பார்க்கிறவர் எத்தனை பேர்? ஆரக்காலின் பின்பக்கம் ‘17×7ஜே’ என்று வார்ப்பிலேயே இருக்கும். கிரீஸைத் துடைத்தால் ஐந்து நொடி வேலை.

245/40 ஆர்17 உட்கார வேண்டிய டிஸ்க்கின் அகலம் 8 முதல் 9.5 இன்ச். உங்களுடையது 7 இன்ச், அதாவது 178 மி.மீ. அதில் இந்த டயரைத் திணித்தால் கீழே இடுப்பு ஒடுங்கி, பக்கச்சுவர் குழியை மீறி உப்பிய பணியாரம் மாதிரி வெளியே பிதுங்கும். தரையைத் தொடும் முகம் தட்டையாக நிற்காமல் நடுவில் வளையும். ஓரத்துப் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டி) புதிதாகவே இருக்க, நடுப்பட்டன் மட்டும் தேயும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் பக்கச்சுவர் சாயும், பிறகுதான் வண்டி திரும்பும். அந்தச் சாய்வும் நிமிர்வும் ஓயாமல் நடப்பதால் சுவர் சூடாகும். காற்று குறைந்த நிலையில் வளைவில் வேகமாகப் போனால் டயரின் விளிம்பு டிஸ்க்கை விட்டு நழுவவும் கூடும்.

போகட்டும், அகலமாவது முழுசாகக் கிடைக்குமா? டயர் அளவு எழுதும்போது அதற்கென்று ஒரு டிஸ்க் அகலத்தை வைத்துத்தான் அளக்கிறார்கள். 245/40 ஆர்17-ஐ அளப்பது 8.5 இன்ச் டிஸ்க்கில், அகலம் 248 மி.மீ. டிஸ்க் அரை இன்ச் குறுகினால் டயரும் சுமார் 5 மி.மீ. குறுகும். உங்கள் 7 இன்ச்சில் அது 233-க்கு வந்து நிற்கும். 245-க்குப் பணம், 233-க்கு ரப்பர்.

மழைப் பிடிப்பு கேட்டீர்கள். தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் முடிவு செய்பவை வண்டியின் எடையும் காற்றழுத்தமும்தான். ஒரு சக்கரத்துக்குச் சுமார் 310 கிலோ, அழுத்தம் ச.செ.மீ.க்கு 2.3 கிலோ என்றால் பரப்பு 135 ச.செ.மீ. சொச்சம். அகல டயர் அந்தப் பரப்பின் வடிவத்தைக் குட்டையும் அகலமுமாக மாற்றும். காய்ந்த சாலையில், சரியான டிஸ்க்கில், திருப்பத்துக்கு அது நல்லது. தேங்கிய நீரில் நேர்மாறு: தள்ள வேண்டிய தண்ணீர் கூடும், டயர் சீக்கிரம் மிதக்கும். நீங்கள் கேட்ட நோய்க்கு அவர் கொடுத்த மருந்து நோயைக் கூட்டும்.

உங்கள் வண்டியோடு வந்தது மிஷலின் பிரைமசி எச்பி. சொகுசு வண்டிக்கான டயர். வால் எளிதாக ஆட வேண்டும் என்று டொயோட்டா தெரிந்தே போட்டது. அடுத்த தலைமுறை ஜிஆர்86-இல் பிடிப்பு கூட வேண்டும் என்று நினைத்தபோது 18 இன்ச் டிஸ்க் கொடுத்தார்கள், டயரின் அகலமோ அதே 215. பைலட் ஸ்போர்ட் 4 என்று ரப்பரின் ரகத்தை மாற்றினார்கள். அதையே செய்யுங்கள்: அதே 215/45 ஆர்17-இல் ஈரச் சாலைக்குப் பெயர்போன ஸ்போர்ட்ஸ் டயர் நான்கு. பழைய டயர் தேய்ந்திருந்தால் வித்தியாசம் முதல் மழையிலேயே தெரியும்.

அகலமாகத்தான் வேண்டும் என்றால் 225/45 ஆர்17 வரை போகலாம். அதற்கான டிஸ்க் 7 முதல் 8.5 இன்ச், நீங்கள் கீழ் எல்லையில் நிற்கிறீர்கள். விட்டம் 634, அதாவது 1.4 சதவீதம் கூடுதல். உண்மையான அகலம் 220 அளவில் நிற்கும். 245 மேல் மோகம் தீரவில்லையா? முதலில் 8.5 இன்ச் டிஸ்க் வாங்குங்கள், அப்புறம் டயர் பேசலாம்.

அகல டயர் போட்டால் மைலேஜ் குறையுமா? – திருச்சி

குறையும்.

20 மி.மீ. ஸ்பேசர் (டிஸ்க்குக்கும் அச்சுக்கும் நடுவில் வைக்கும் தட்டு) போட்டால் கம்பெனி டிஸ்க்கிலேயே அகல டயர் பொருந்தும் என்கிறார்களே? – சேலம்

ஸ்பேசர் சக்கரத்தை வெளியே தள்ளும், டிஸ்க்கை அகலமாக்காது. உள்ளே ஷாக் அப்சார்பரில் உரசிய டயர் வெளியே ஃபெண்டரில் உரசும். கூடவே வீல் பேரிங்குக்கும் பாரம் ஏறும். வெறும் தட்டையான 20 மி.மீ. ஸ்பேசரில், கம்பெனி போல்ட்டை அப்படியே விட்டால் நட் பிடிக்கும் மரைச்சுற்றும் போதாது. என் வீட்டுப் பரணில் ஒரு ஜோடி கிடக்கிறது. இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கிவிடாதீர்கள்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 (2017), டிஸ்க் 17×7, டயர் 205/45 ஆர்17. ‘225/45 நன்றாகப் பொருந்தும்’ என்று கடையில் மாட்டினார்கள். முழுசாகத் திருப்பினால் முன்சக்கரம் உள் பிளாஸ்டிக்கில் உரசுகிறது. திரும்பிப் போனால், பிளாஸ்டிக்கை வெட்டிவிடு என்கிறார்கள். 12 நாள் ஆகிறது. – ஹாரோ, லண்டன்

வெட்டாதீர்கள். வெட்டிவிட்டால் உங்கள் வழக்கையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள்.

இதில் டிஸ்க் அகலத்தில் தப்பில்லை, விட்டத்தில்தான் தப்பு. 205/45-இன் விட்டம் 616 மி.மீ., 225/45-க்கு 634. சக்கரம் 18 மி.மீ. பெரிதாகிவிட்டது. கிட்டத்தட்ட 3 சதவீதம். அகலம் கூடக் கூட இரண்டாவது எண்ணைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் 45 என்பது அகலத்தில் 45 சதவீத உயரம். கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய பாலபாடம் இது. நீங்கள் வண்டியைக் காட்டி, அவரை நம்பிக் கேட்டீர்கள். பிழை உங்களுடையது அல்ல.

பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்ன பயனுக்குப் பொருந்தாத பொருளை 30 நாளுக்குள் திருப்பி முழுப் பணத்தையும் கேட்கலாம். இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். வண்டியின் மாடல், ‘பொருந்தும்’ என்று அவர்கள் சொன்ன தேதி, உரசிய தடத்தின் படம், பில், கடைசியில் ‘டயர்களை நிராகரிக்கிறேன்’ என்ற ஒரு வரி. தொலைபேசியில் சண்டை போடாதீர்கள், எழுத்து வேண்டும். அதுவரை முழுத் திருப்பத்தைத் தவிர்த்து ஓட்டுங்கள். வேறு அளவிலேயே தொடர்வதாக இருந்தால் இன்சூரன்ஸுக்கும் தெரிவித்தாக வேண்டும்.

அடுத்த தடவை 205/45 வாங்குங்கள். மிஞ்சினால் 215/45, அதன் டிஸ்க் எல்லை 7-இல் தொடங்குகிறது. பணம் கட்டும் முன் ஒரே ஒரு சக்கரத்தில் மாட்டச் சொல்லி, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, ஃபெண்டர் உள்விளிம்பிலும் ஷாக் அப்சார்பர் பக்கத்திலும் ஒட்டுங்கள். இரண்டு பேரை உட்காரவைத்து, இரு பக்கமும் முழுசாகத் திருப்பி, ஒரு வேகத்தடையில் மெல்ல ஏறி இறங்குங்கள். களிமண் எவ்வளவு நசுங்காமல் மிச்சம் இருக்கிறதோ அதுதான் உங்கள் இடைவெளி. அகலம் 10 மி.மீ. கூடினால் உள்ளே 5, வெளியே 5 என்று போகும்.

பிஎம்டபிள்யூ எம்340ஐ எக்ஸ்டிரைவ். முன்னால் 225/40 ஆர்19, பின்னால் 255/35 ஆர்19. பின்டயர் தேய்ந்துவிட்டது. பார்க்க கெத்தாக இருக்கும் என்று பின்னால் மட்டும் 275/35 சொல்லிவிட்டேன், அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். ஏதாவது பிரச்சினை வருமா? – அண்ணா நகர், சென்னை

அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கேட்கிறீர்கள். சரி.

முன்டயர் விட்டம் 662.6 மி.மீ., பின்டயர் 661.1. அகலம் 30 மி.மீ. வித்தியாசப்பட்டும் விட்டத்தில் ஒன்றரை மி.மீ.தான் வித்தியாசம். தற்செயல் என்றா நினைத்தீர்கள்? நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். 275/35-இன் விட்டம் 675. பின்சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதல் தூரம் போகப் பார்க்கும், முன்சக்கரம் விடாது. இந்த இழுபறியை நடுவில் இருந்து முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸின் கிளட்ச் தட்டுகள் வாங்கிக்கொள்ளும், நேர் சாலையில்கூட, நிறுத்தாமல். அந்த பில்லைப் பார்த்தால் கெத்து இறங்கிவிடும். போதாததற்கு உங்கள் பின்டிஸ்க் 8.5 இன்ச், 275/35-க்குக் குறைந்தபட்சம் 9 வேண்டும்.

அட்வான்ஸை அதே கடையில் 255/35-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். முன்டயரின் பள்ளத்தையும் அளந்து பாருங்கள். புது டயரில் 8 மி.மீ., முன்னால் 3 மி.மீ. என்றால் அதிலேயே விட்டத்தில் 10 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். அப்படியானால் நான்கையும் மாற்றுவதே சிக்கனம். இப்போதிருப்பது ரன்ஃப்ளாட் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) என்றால் நான்கும் ரன்ஃப்ளாட்டாக இருக்கட்டும். கலக்காதீர்கள்.

86-க்கு 18×8.5 டிஸ்க் செகண்ட்ஹேண்டில் சல்லிசாக வந்தது, வாங்கிவிட்டேன். பிசிடி (நட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்) 5×114.3 என்று இருக்கிறது, நட் துளை சேரவில்லை. மாட்ட வழி உண்டா? – ஷா ஆலம்

உண்டு, அந்த பிசிடி உள்ள வண்டிக்காரருக்கு விற்றுவிடுவது. உங்கள் வண்டிக்கு 5×100, நடுத்துளை 56.1 மி.மீ. இந்த இரண்டு எண்ணையும் பர்ஸில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2024 நவம்பரில் ‘புத்தம் புது’ டயர் நான்கு வாங்கினேன். பஞ்சர் ஒட்டும்போது உட்பக்கச் சுவரில் 1120 என்று இருந்ததை மெக்கானிக் காட்டினார். கடையில் கேட்டால், ‘குடோனில் இருந்தால் டயர் கெடாது’ என்கிறார்கள். – கோயம்புத்தூர்

1120 என்றால் 2020-ஆம் ஆண்டின் 11-வது வாரம், மார்ச் மாதம். நீங்கள் வாங்கியபோதே நாலரை வயது. உள்ளே மறைந்திருந்ததற்குக் காரணம் உண்டு: தேதியோடு கூடிய முழுக் குறியீடு பெரும்பாலும் ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும். மாட்டிய பிறகு அது உள்ளே போய்விட்டால் தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆகவே உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

குடோன் கதையில் பாதிதான் உண்மை. வெயில் படாமல் வைத்த டயர் மெதுவாக முதுமையடையும், அவ்வளவுதான். தயாரான நாளிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. அதில் பாதியைக் கடையே தின்றுவிட்டு முழு விலை வாங்கியிருக்கிறது. பழையதைப் புதியது என்று விற்பது முறையற்ற வணிகம்.

நான்கு டயரின் எண்ணையும் படமெடுங்கள். பில்லோடு பதிவுத் தபாலில் கடைக்கு ஒரு கடிதம் அனுப்பி, 15 நாள் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

225-க்கு மாறிவிட்டேன். காத்து எவ்வளவு வைப்பது? – பெங்களூரு

கதவோரத்து ஸ்டிக்கரில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். பிறகு டயர் முகத்தின் குறுக்கே சாக்பீஸால் பட்டையாக ஒரு கோடு இழுத்து, காய்ந்த நேர் சாலையில் நூறு அடி ஓட்டிப் பாருங்கள். கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காத்து அதிகம், இரண்டு பவுண்டு இறக்குங்கள். ஓரங்களில் மட்டும் அழிந்தால் இரண்டு ஏற்றுங்கள். ஸ்டிக்கரை விட நாலு பவுண்டுக்கு மேல் இறக்கும்படி ஆனால், டிஸ்க்குக்கு டயர் பெரிது.