நூற்றைம்பது வருஷம் என்றால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்

கேள்வி: அடுத்த மாதம் நானும் கணவரும் சென்னையிலிருந்து காரில் காரைக்குடி போகிறோம். புது வீட்டுக்குப் பழைய சாமான்கள் வாங்க ஆசை. ஒரு வியாபாரி வாட்ஸப்பில் ஜரிகை வேலை செய்த ரவி வர்மா லட்சுமி படம் ஒன்றும், முக்கால் அடி வெண்கல அம்மன் சிலை ஒன்றும் அனுப்பி, இரண்டுமே நூற்றைம்பது வருஷத்துச் சரக்கு என்கிறார். அந்த நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து வரும் கொழுந்தனார் படத்தைத் தன்னோடு கொண்டுபோகக் கேட்கிறார். அசலா போலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சட்டச் சிக்கல் ஏதும் வருமா?

பதில்: முதலில் அந்தப் படம். ரவி வர்மா தன் அச்சகத்தைத் தொடங்கியதே 1894-ல், பம்பாயில். அதிலிருந்து கணக்குப் போட்டால் அவருடைய அச்சுப் படம் எதற்கும் இன்று நூற்றைம்பது வயது வர வழியே இல்லை. வியாபாரி தெரியாமல் சொல்லியிருக்கலாம், தெரிந்தேயும் சொல்லியிருக்கலாம். எப்படியானாலும் அவர் சொல்லும் வயதை நம்பி விலை பேசாதீர்கள்.

நேரில் பார்க்கும்போது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அதுதான், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். லட்சுமியின் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் வரிசை வரிசையாக, சின்னச் சின்னப் பூ வளையம் மாதிரி ஒரே ஒழுங்கில் இருந்தால் அது இந்தக் காலத்து ஆப்செட் அச்சு, பேச்சே வேண்டாம். பழைய கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து அச்சடித்த படத்தில், புள்ளிகள் ஒழுங்கில்லாமல் ரவை சிந்தியது போலக் கிடக்கும், ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் படிந்திருப்பது தெரியும். அப்புறம் படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பர்மா தேக்குச் சட்டம் உண்மையிலேயே பழசாக இருக்கும், உள்ளே இருக்கும் படம் போன வருஷம் அச்சடித்ததாக இருக்கும். இது இப்போது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. பழைய ஆணி இருந்த இடத்தில் பலகையில் துரு வட்டமாக ஊறியிருக்க வேண்டும். சட்டத்தில் பழைய ஆணித் துளை வெறுமையாக இருந்து, பக்கத்தில் பளபளக்கும் புது ஆணி அடித்திருந்தால் யாரோ பிரித்து மாட்டியிருக்கிறார்கள். கண்ணாடி உடைந்ததால் கூடப் பிரித்திருக்கலாம், ஆனால் அந்தக் கதையை நீங்கள் கேட்காமலே அவர் சொல்ல வேண்டும். ஜரிகையும் சமிக்கியும் வைத்து அலங்கரித்த படங்கள் செட்டிநாட்டு வீடுகளில் நிறைய இருந்தன. இப்போது புதுப் படத்தில் ஜரிகை தைத்து டீத் தண்ணீர் தெளித்துக் காயவைத்துத் தருகிறார்கள், ஓரத்தை மோந்து பார்த்தாலே சில சமயம் தெரிந்துவிடும்.

இனி சட்டம். சுருக்கமாகச் சொல்கிறேன். தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டம், 1972-ல் வந்தது. நூறு வயதைத் தொட்ட கலைப்பொருள், கைவினைப்பொருள் எல்லாம் அதன்படி தொல்பொருள். தொல்பொருளைத் தனி ஆள் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருஷம் சிறை, அபராதம் தனி. சொந்தத் தம்பிக்குப் பரிசாகக் கொடுத்தேன் என்று விமான நிலையத்தில் சொல்லிப் பயனில்லை. நாட்டுக்குள் வாங்கி உங்கள் வீட்டில் மாட்டிக்கொள்வது வேறு விஷயம். அதிலும், சிலை போன்ற பொருள் நூறு வயது தாண்டியது என்றால் அதற்குப் பதிவுச் சான்றிதழ், புகைப்படத்தோடு, இருக்க வேண்டும், விற்பவருக்கு உரிமமும் வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில்தான் நல்லவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். நூறு வருஷம் என்பது 1972-ல் கோடு போட்டு நிறுத்திய கணக்கு இல்லை. அது வருஷா வருஷம் நகர்கிறது. உங்கள் மாமியார் பத்து வருஷத்துக்கு முன்னால் தாராளமாகக் கொண்டுபோயிருக்கக்கூடிய ஒரு படம், 1920-களில் அச்சானதாக இருந்தால், இப்போது எல்லையைத் தாண்டிவிட்டது, அல்லது தாண்டப் போகிறது. ரவி வர்மாவின் அச்சகம் பிறகு ஒரு ஜெர்மானியர் கைக்குப் போய், அதே படங்களை அவர் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தார். அதனால் ஒரே லட்சுமி படத்தில் ஒரு பிரதிக்கு 120 வயது, இன்னொன்றுக்கு 90 வயது இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உங்களுக்கோ எனக்கோ கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சுங்க அதிகாரியாலும் முடியாது, அதனால் அவர் நிறுத்தி வைப்பார். ஆகவே கொழுந்தனார் கொண்டுபோக வேண்டுமானால் ‘இது தொல்பொருள் இல்லை’ என்ற சான்றிதழ் வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் நிபுணர் குழு பொருளை நேரில் பார்த்துத் தருவது அது. அந்தத் துறையின் சென்னை வட்ட அலுவலகம் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. விடுமுறையில் வந்தவர் மூன்றாம் நாள் விமானம் ஏறுகிறார் என்றால் இது நடக்காது. கோயில் சிலை கடத்துகிறவனைப் பிடிக்க எழுதிய சட்டம், பாட்டி வீட்டுச் சாமி படத்தையும் அதே வரிசையில் நிற்கவைக்கிறது. வெளிப்படையாக நடக்கிறவருக்குத்தான் அலைச்சல். இருபது வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

வெண்கல அம்மனை வாங்காதீர்கள். பழசு என்றால் எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்ற கேள்வி உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் சிலையை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-ல் பல மில்லியன் டாலர் கொடுத்து, விற்றவர் காட்டிய காகிதங்களை நம்பித்தான் வாங்கியது. கடைசியில் அது திருட்டுச் சிலை என்று தெரிந்து 2014-ல் திருப்பிக் கொடுத்தார்கள். அத்தனை வசதி உள்ளவர்களே ஏமாந்தார்கள். புதுசு என்றால் அந்த விலை அநியாயம். நூற்றைம்பது வருஷம் என்று வாயால் சொல்கிறவரிடம் அதையே பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள். ‘கைவினைப் பொருள், புதியது’ என்றுதான் எழுதுவார். அப்படியானால் ஒன்று உங்களிடம் பொய் சொல்கிறார், இல்லையென்றால் அரசாங்கத்திடம். அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று, கட்டாயம் கேளுங்கள். ‘கடையில் வேண்டாம், ஒரு பழைய வீட்டுக்கே கூட்டிப்போகிறேன், ஆச்சி நேரில் தருவார்’ என்று டிரைவரோ, நீங்கள் தங்கும் இடத்தில் யாரோ சொல்வார்கள். போகாதீர்கள். அந்த வீடுகள் பெரும்பாலும் ஒருவருக்குச் சொந்தமானவை அல்ல, பங்காளிகள் பலர் சென்னையிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாமல் சாவி வைத்திருப்பவர் கழற்றி விற்கிற நிலைக்கதவும் தூணும் நாளைக்கு வழக்காக வரும். வழக்கு வராவிட்டாலும், ஒரு வீட்டின் முகப்பைப் பெயர்த்து நம் வரவேற்பறையில் வைப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம். கடையிலிருந்து முந்தின நாளே சாமான்களைக் கொண்டுவந்து கூடத்தில் பரப்பி வைத்திருந்த வீட்டையும் நானே பார்த்திருக்கிறேன். தட்டில் விலைச்சீட்டின் பசை காயாமல் இருந்தது. டிரைவருக்குக் கமிஷன் உண்டு, அது உங்கள் விலையில்தான் ஏறும். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன, காரை தள்ளி நிறுத்திவிட்டு நீங்களே நடந்து போங்கள். ஸ்வீடன் எனாமல் தூக்கு, பித்தளை அண்டா, பீங்கான் ஜாடி என்று புழங்கிய சாமான்களாக வாங்குங்கள். எனாமலில் விளிம்பு பெயர்ந்திருந்தால் பரவாயில்லை, உட்புறம் முழுக்கப் பளிச்சென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். தந்தம் பதித்த எதையும் தொடாதீர்கள்.

சிலை வேண்டுமென்றால் போகிற வழியிலேயே கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலையில் இறங்குங்கள். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி வார்ப்பார்கள். ஒரு அச்சு ஒரு சிலையோடு உடைந்துவிடும். செய்கிறவரையே பார்த்துப் பேசி, எடை, அளவு, செய்த வருஷம் மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். தரைக்கு ஆத்தங்குடி கல் கேளுங்கள், கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. இடித்த வீட்டிலிருந்து பெயர்த்தது என்று யாராவது தந்தால் அடிப்பக்கத்தைப் பாருங்கள், பழைய சுண்ணாம்பு ஒட்டியிருக்கும்.

கொழுந்தனாருக்கு ஒரு கண்டாங்கிச் சேலையும் இரண்டு பனையோலைக் கொட்டானும் வாங்கிக் கொடுங்கள், கைப்பையிலேயே போய்விடும். லட்சுமி படம் லென்ஸில் தேறினால் உங்கள் வீட்டுக்கு வாங்குங்கள். அவருக்கும் வேண்டுமென்றால், அடுத்த முறை வருவதற்கு மூன்று மாதம் முன்பே படத்தைக் கோட்டைக்கு எடுத்துப் போய் அந்தச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுங்கள்.