ஒரே ஒரு ஓட்டு அமெரிக்க அதிபர் தேர்தலையே புரட்டிப்போட்டது உண்டா?

புரட்டிப்போடவில்லை, ஆனால் அதன் விளிம்பு வரை போனது. 1876, ஒரிகன் மாநிலம். காரணம் ஒரு சின்ன ஊர் போஸ்ட்மாஸ்டர்.

அமெரிக்காவில் மக்கள் போடும் ஓட்டு எலெக்டர்களைத் தேர்ந்தெடுக்கும். அவர்கள் போடும் ஓட்டுதான் அதிபரைத் தீர்மானிக்கும். ஒரிகனுக்கு அப்போது மூன்று எலெக்டர்கள். குடியரசுக் கட்சியின் ஹேய்ஸ் அங்கே சுமார் ஆயிரம் ஓட்டில் ஜெயித்தார். மூன்றும் அவருக்கு, அவ்வளவுதான் விஷயம். ஆனால் நாடு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் ஜனநாயகக் கட்சியின் டில்டனிடம் தகராறு இல்லாத 184 எலெக்டர் ஓட்டு இருந்தது. தேவை 185. ஃபுளோரிடா, லூசியானா, தென் கரோலினா மூன்றிலும் இழுபறி. எங்கிருந்தாவது ஒன்று கிடைத்தால் டில்டன்தான் அதிபர்.

ஒரிகனின் மூன்று எலெக்டர்களில் ஒருவரான ஜான் வாட்ஸ், லஃபாயெட் என்ற ஊரின் போஸ்ட்மாஸ்டர். மத்திய அரசில் பதவி வகிப்பவர் எலெக்டராகக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. (நம் ஊர் 'ஆதாயம் தரும் பதவி' தகராறு மாதிரிதான்.) வாட்ஸ் போஸ்ட்மாஸ்டர் வேலையை ராஜினாமா செய்தார், ஆனால் தேர்தல் முடிந்த பிறகு. கவர்னர் குரோவர் ஜனநாயகக் கட்சிக்காரர். வாட்ஸ் செல்லாது என்று சொல்லி, தோற்றுப்போன தன் கட்சிக்காரர் குரோனினுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டார். தகுதியில்லாதவர் விலகினால் தோற்றவர் ஜெயித்தவர் ஆகிவிடுவாரா? எனக்கு இது சுத்தக் களவாணித்தனமாகத்தான் படுகிறது.

டிசம்பர் 6, ஒரிகனின் தலைநகரான சேலம் (நம் ஊர் சேலம் இல்லை). எலெக்டர்கள் கூடுகிறார்கள். சான்றிதழ்கள் குரோனின் கையில், தர மறுக்கிறார். மற்ற இருவரும் அவரோடு சேர்ந்து உட்கார மாட்டோம் என்கிறார்கள். எலெக்டர் பதவியிலிருந்து வாட்ஸ் தந்த ராஜினாமாவை ஏற்று, காலியான இடத்துக்கு வாட்ஸையே திரும்ப நியமித்து, ஹேய்ஸுக்கு மூன்று ஓட்டு போடுகிறார்கள். குரோனினோ தன் பங்குக்கு வேறு இருவரை நியமித்து ஹேய்ஸுக்கு இரண்டு, டில்டனுக்கு ஒன்று என்று அனுப்புகிறார். மூன்றையும் டில்டனுக்கே போட்டிருக்கலாமே என்று தோன்றும். பேராசை தேவைப்படவில்லை, ஒன்றே போதும்.

இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. கவர்னர் கையெழுத்தே இறுதி என்றால் ஒரிகனில் டில்டனுக்கு லாபம். கையெழுத்துக்குப் பின்னால் தோண்டலாம் என்றால், ஹேய்ஸுக்கு எழுதித் தரப்பட்ட ஃபுளோரிடாவையும் லூசியானாவையும் தோண்டலாம், அங்கேயும் டில்டனுக்கு வாய்ப்பு. இரண்டு பக்கமும் கூரான கத்தி.

1877-ல் இந்தத் தகராறைத் தீர்க்க அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த 15 பேர் கொண்ட ஆணையம் இதிலிருந்து நழுவியது. மாநிலத்தின் ஓட்டு எண்ணிக்கை முடிவுதான் கணக்கு, அதற்கு மாறாகக் கவர்னர் எழுதித் தந்தது செல்லாது என்றது. ஃபுளோரிடாவில் எண்ணிக்கை வாரியம் ஹேய்ஸ் பக்கம் இருந்ததால் அங்கேயும் அதே வாதம் உதவியது. 8க்கு 7 என்று வாட்ஸின் ஓட்டு ஏற்கப்பட்டது. மார்ச் 2-ஆம் தேதி விடிவதற்குள் இறுதிக் கணக்கு அறிவிக்கப்பட்டது: ஹேய்ஸ் 185, டில்டன் 184.