எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனால் கட்டைவிரல் பக்கம் மட்டும் வலிக்கிறது

உங்கள் மணிக்கட்டைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். அவ்வளவு நீளமான கடிதத்தில் அதற்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு வரி. "விழுந்த அன்றே எக்ஸ்ரே எடுத்தேன், ஒன்றுமில்லை, சுளுக்குதான் என்றார்கள், கட்டைவிரல் பக்கம் மட்டும் இன்னும் வலிக்கிறது, மாத்திரை போட்டுச் சமாளிக்கிறேன்." முழங்காலில் கேட்கும் சத்தத்துக்கு ஒரு பக்கம், இடுப்பில் பச்சை நிறமாகிவிட்ட கன்றலுக்கு அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த ஒரு வரிதான்.

41 வயதில், மகளை ஸ்கேட்போர்டு பயிற்சிக்கு அழைத்துப் போன இடத்தில் உங்களுக்கும் ஆசை வந்து, சில மாதங்கள் சமதரையில் பழகிவிட்டு, ராம்ப் எனப்படும் சரிவு மேடையின் உச்சியிலிருந்து பலகையோடு இறங்கும் டிராப்-இன்னை முயன்றிருக்கிறீர்கள். பலகை முன்னால் ஓடிவிட, பின்னால் சாய்ந்து வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தீர்கள். இரண்டரை வாரம் ஆகிவிட்டது. வலி இன்னும் போகவில்லை.

இப்போது ஒன்று செய்யுங்கள். வலது கட்டைவிரலை மேல்நோக்கி நன்றாக விரித்து நீட்டுங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், இரண்டு தசைநாண்கள் கயிறுபோலப் புடைத்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் குழி தெரியும். அந்தக் குழிக்குள் இடது கை ஆள்காட்டி விரலை வைத்து நிதானமாக அழுத்துங்கள். இடது கையிலும் அதே இடத்தை அழுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள், ஏனென்றால் நன்றாக இருக்கும் கையிலும் அங்கே அழுத்தினால் கொஞ்சம் நோகும். வலது பக்கம் சுருக்கென்று வலித்துக் கையை இழுத்துக்கொண்டீர்கள் என்றால், அதைச் சுளுக்கு என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. வலிக்கவில்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள். நீங்களே அழுத்திப் பார்ப்பது மருத்துவரின் பரிசோதனைக்கு ஈடாகாது.

அந்தக் குழியின் அடியில் இருப்பது ஸ்கேஃபாய்டு என்ற எலும்பு. மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சிறு எலும்புகளில் அடிக்கடி முறிவது இதுதான். கை பின்பக்கமாக மடங்கிய நிலையில் உள்ளங்கையை ஊன்றி விழும்போது உடம்பின் எடையில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் முன்கைக்குப் போகிறது. நீங்கள் விழுந்ததும் அப்படித்தான்.

இந்த எலும்பு முறிந்தாலும் பெரும்பாலும் கை கோணிக்கொள்ளாது, பெரிதாக வீங்கவும் வீங்காது. பேனா பிடிக்கலாம், போன் பார்க்கலாம், வண்டிகூட ஓட்டிவிடலாம். இறுக்கமான மூடியைத் திருகும்போதும், நாற்காலியில் கையை ஊன்றி எழும்போதும் மட்டும் வலிக்கும். அதனால்தான் பலர் இதோடு மாதக்கணக்கில் நடமாடிவிட்டு, வலி தாங்காமல் போகும்போது வந்து நிற்கிறார்கள்.

எக்ஸ்ரேயில்தான் ஒன்றும் இல்லையே என்கிறீர்கள். சரி. ஆனால் அது விழுந்த அன்று எடுத்த எக்ஸ்ரே. ஸ்கேஃபாய்டில் விழும் மெல்லிய கீறல் முதல் நாள் படத்தில் தெரியாமல் போவது மருத்துவத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பத்துப் பதினான்கு நாள் கழித்து, முறிந்த விளிம்புகளில் எலும்பு சற்றுக் கரைந்த பிறகு, அதே கோடு படத்தில் தெரிய வரலாம். அந்தக் குழியில் வலி இருந்தால், எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் முறிவு இருப்பதாகவே எடுத்துக்கொண்டு கையை அசையாமல் கட்டிவைத்து, இரண்டு வாரத்துக்குள் மறுபடி பார்ப்பதுதான் முறை. சந்தேகம் தீராவிட்டால் எம்ஆர்ஐ எடுத்தால் தெரிந்துவிடும். வலி நிற்காவிட்டால் திரும்ப வாருங்கள் என்று உங்களிடமும் சொல்லியிருக்கிறார்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் போகவில்லை.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், இந்த எலும்புக்கு ரத்தம் போகும் பாதை வித்தியாசமானது. பெரும்பகுதி ரத்தம் விரல் பக்க முனையை ஒட்டி உள்ளே நுழைந்து, அங்கிருந்து முன்கைப் பக்கமாகத் திரும்பி வருகிறது. நடுவில் முறிந்துவிட்டால், வாய்க்கால் உடைந்த கடைமடை வயல் மாதிரி, முன்கையை ஒட்டிய பாதிக்கு ரத்தம் சரியாகப் போய்ச் சேராது. அசையாமல் வைத்தால் பெரும்பாலும் கூடிவிடும். அசைத்துக்கொண்டே இருந்தால் கூடாமல் நின்றுவிடலாம், அந்தப் பாதி செத்தும் போகலாம். கூடாத எலும்போடு சில ஆண்டுகள் ஓட்டினால் மணிக்கட்டு மூட்டு தேய்ந்து, கை மடங்குவதும் நிமிர்வதும் குறைந்துகொண்டே வரும். சிகிச்சை நான்கு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் எலும்பு கூடாமல் போகும் வாய்ப்பு அதிகமாகிறது. உங்களுக்கு இன்னும் அந்தக் கெடு தாண்டவில்லை.

ஆகவே நாளைக்கே எலும்பியல் மருத்துவரைப் பாருங்கள். "மணிக்கட்டு வலி" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். கையை ஊன்றி விழுந்தேன், கட்டைவிரல் அடிக்குழியில் வலிக்கிறது, ஸ்கேஃபாய்டு முறிவாக இருக்குமா என்று நேரடியாகக் கேளுங்கள். இந்த எலும்புக்கென்று தனிக் கோணங்களில் எக்ஸ்ரே எடுப்பார்கள். முறிவு இருந்து, துண்டுகள் விலகாமல் இருந்தால் மாவுக்கட்டு போதும். ஆறு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம் வரை ஆகலாம். விலகியிருந்தாலோ, முன்கை முனைக்குப் பக்கத்தில் முறிந்திருந்தாலோ, ஒரு சின்னத் திருகாணி வைத்துப் பொருத்த வேண்டி வரலாம். புகைப் பழக்கம் இருந்தால் எலும்பு கூடும் வரையாவது நிறுத்துங்கள். அது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். எல்லாம் பார்த்துவிட்டு வெறும் சுளுக்குதான் என்று தெரிந்தால் மிகவும் நல்லது.

அதுவரை ராம்ப் வேண்டாம், சமதரையிலும் பலகை வேண்டாம். விழுந்த பிறகு வாங்கிய ரிஸ்ட் கார்டை, அதாவது மணிக்கட்டுக் கவசத்தை, போட்டுக்கொண்டு ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அது அடிபடாமல் தடுக்கும் சாதனம். முறிந்த எலும்பை அது அசையாமல் பிடித்து வைக்காது. இணையத்தில் பார்த்து ரப்பர் பந்தை நாளுக்கு நூறு முறை அழுத்துகிறீர்களாம். அதை இந்த நிமிடமே நிறுத்துங்கள். அந்த வீடியோவில் பேசுகிறவர் உங்கள் கையைத் தொட்டுப் பார்த்ததில்லை. எலும்பு முழுசாக இருக்கிறதா என்று தெரியாமல் பிடிப்பு வலுப்பெறப் பயிற்சி செய்வது, முறிந்த இரண்டு பாதியையும் நாளுக்கு நூறு முறை ஒன்றோடொன்று உரசவிடுவதில் முடியலாம்.

மாத்திரை விஷயத்தை இன்னும் கண்டிப்பாகவே சொல்கிறேன். பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை போட்டால் "வலியே தெரிவதில்லை" என்று அதை ஒரு நல்ல செய்திபோல எழுதியிருக்கிறீர்கள். இந்த எலும்பு விஷயத்தில் கெட்டுப்போகிறது என்று உங்களுக்குச் சொல்ல வலியைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதன் வாயை அடைத்துவிட்டுக் கையை ஊன்றினால் யார் உங்களை நிறுத்துவார்கள்? அப்புறம், இந்த வகை மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் வாரக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் புண்ணும் ரத்தக்கசிவும் வரலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம், ரத்த அழுத்தம் ஏறலாம். உங்களுக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியில் ஒரு மூலையில் அதைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நாளை பார்க்கும் மருத்துவரிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

முழங்காலுக்கு வருகிறேன். குந்தி எழும்போது சத்தம் கேட்கிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை, பூட்டிக்கொள்வதில்லை, நடுவில் மடங்கி விட்டுப்போவதும் இல்லை. அப்படியென்றால் அது வெறும் சத்தம்தான். மூட்டுத் தேய்மானம் என்று நீங்களே முடிவு கட்டி வாங்கிய குளுக்கோசமைன் மாத்திரையால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. இடுப்பில் இருப்பது தோலுக்கடியில் கசிந்த ரத்தம். அது கரையும்போது நீலம், பச்சை, மஞ்சள் என்று மாறித்தான் மறையும். "அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடும்" என்று படித்தீர்களாமே. ரத்தக்குழாய்க்கு வெளியே தேங்கியிருப்பது நுரையீரலுக்குப் பயணம் போகாது. பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை வலிப்பது பழக்கமில்லாத வேலை கொடுத்ததால்.

இவ்வளவையும் வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேட்க நினைத்தது வேறு. "இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று என் உடம்பே சொல்கிறதோ?" என்று நடுவில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான கேள்வி. மருத்துவரிடம் திரும்பப் போகாததற்கும் அதுதான் காரணம் என்று தோன்றுகிறது. போனால் நிறுத்தச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

நான் நிறுத்தச் சொல்லப் போவதில்லை. 41 வயது ராம்ப் ஏறக் கூடாத வயதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்டி மெக்டொனால்ட் 51 வயதில் ஸ்கேட்போர்டு போட்டியில் இறங்கினார். அவர் சிறுவயதிலிருந்து பலகையில் வாழ்ந்தவர், அவரோடு உங்களை ஒப்பிடச் சொல்லவில்லை. வயது மட்டுமே தடை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொருவரையும் பாருங்கள். புகழ்பெற்ற ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் 2022இல் தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அது சரியாகக் கூடாமல் மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. எலும்பு கூடுவதற்கு எடுக்கும் காலத்தை, எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும், கொடுத்தே ஆக வேண்டும்.

வயது வந்த பிறகு கற்றுக்கொள்பவருக்கு இரண்டு விஷயங்கள் வேறுபடுகின்றன. குழந்தையைவிட உயரத்திலிருந்து, அதிக எடையோடு விழுகிறீர்கள். அப்புறம், பயம் உங்களைப் பின்னால் சாய்க்கிறது. டிராப்-இன்னில் பலகையின் வால் ராம்ப்பின் விளிம்பில் இருக்கும், பின்கால் அதை மிதித்துக்கொண்டிருக்கும். முன்காலை முன்சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கும் போல்ட்களில் வைத்து, தயங்காமல் எடையை முன்னால் போட்டு, முன்சக்கரங்களைச் சரிவில் அழுத்தி இறக்க வேண்டும். பாதி மனதோடு இறங்கினால் எடை பின்னாலேயே தங்கிவிடும், பலகை முன்னால் பறக்கும், கை தானாகப் பின்னால் போகும். இந்த ஒரு வித்தையில் தைரியத்தைவிடத் தயக்கம்தான் அதிகம் அடிபட வைக்கிறது. எனவே தயக்கம் போகும் அளவுக்குச் சிறிய ராம்ப்பில் தொடங்குங்கள். முதல் முறையே தலைக்கு மேல் உயரமான ராம்ப் எதற்கு?

அதற்கும் முன்னால் விழுவதற்குக் கற்க வேண்டும். சரிவில் விழப்போகிறோம் என்று தெரிந்ததும், கெட்டியான மூடி வைத்த முழங்கால் கவசத்தில் மண்டியிட்டுச் சறுக்கி இறங்குவார்கள். ராம்ப்பில் ஆடுகிறவர்களின் முதல் பாடம் அது. பலகையே இல்லாமல், சரிவில் ஓடி ஏறி மண்டியிட்டுச் சறுக்கி, யோசிக்காமல் வரும் வரை பழக வேண்டும். கை ஊன்றாமல் விழத் தெரிந்தவருக்கு இந்த மணிக்கட்டுப் பிரச்சினையே பாதி குறைந்துவிடும். மீதிக்குத்தான் ரிஸ்ட் கார்டு. அதை விழுவதற்கு முன்னால் போட வேண்டும். ஹெல்மெட் பின்மண்டையையும் மூடும் ஸ்கேட் ஹெல்மெட்டாக இருக்கட்டும். தலையில் அடிபட்டுத் தலைசுற்றலோ குமட்டலோ குழப்பமோ வந்தால் பலகையை எடுத்து வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

முறிவு என்று தெரிந்து கட்டுப் போட்டால், கட்டைப் பிரித்த அன்றே ராம்ப் ஏறாதீர்கள். எலும்பு கூடிவிட்டது என்று படத்தில் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் சிடி ஸ்கேனும் கேட்பார். அதற்குப் பிறகு மணிக்கட்டு இறுக்கம் தளர, பிடிப்பு திரும்ப, சில வாரங்கள் பிசியோதெரபி. பந்து அழுத்துவதையும் அப்போது, அவர் சொன்னால், அவர் சொல்லும் அளவில் செய்யுங்கள். மண்டியிட்டுச் சறுக்கும் பயிற்சிக்கு முதலில் போங்கள், பிறகு சமதரை, பிறகு சின்ன ராம்ப். டிராப்-இன் எல்லாவற்றுக்கும் பிறகு.